கடற்பாசி: நண்டுத் தீனும் மரக்கறித் தோட்டமும்

டயகம, அக்கரப்பத்தனைப் பகுதிகளில் கோவா, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிடும் விவசாயிகள் பலர், கடைகளில் விற்கப்படும் கடற்பாசித் திரவத்தைப் பற்றி வினவுகின்றனர். “இதனைத் தெளித்தால் எருவும் பசளையும் இடாமல் விடலாமா?” என்பதே அவர்களின் வினா. இதற்கு விடை காண, கடற்பாசியை உணவில் சேர்க்கும் வேறொரு தொழிலாகிய நண்டு வளர்ப்பை முதலில் நோக்குவோம்.

நண்டுத் தீனில் கடற்பாசி

சிலாபம், புத்தளம் முதலிய களப்புகளை அண்டிய இடங்களில் சேற்று நண்டுகள் கொழுக்க வைக்கப்பட்டு விற்கப்படுகின்றன. இந்நண்டு இயல்பாகவே சிப்பி, நத்தை, சிறு மீன் முதலியவற்றைத் தின்பது. ஆதலால் அதன் தீனில் புரதமே தலையாயது. எனினும், தீனில் கடற்பாசித் தூளைச் சிறிதளவு கலப்பதால் மூன்று நன்மைகள் உண்டு.

1. நண்டு தன் இரையைக் கிழித்து மெதுவாக உண்ணும். அதற்குள் தீன் கரைந்துவிட்டால் பணமும் வீண், நீரும் கெடும். கஞ்சிப்பாசி போன்றவற்றிலுள்ள பசைப்பொருள் தீனைக் கரையாமல் பிணைத்து வைக்கும்.

2. நண்டு ஓடு கழற்றி வளரும் பிராணி. அதற்கு வேண்டிய தாதுப்பொருள்களுள் சில பாசியில் உள்ளன.

3. ஓட்டுக்கு நிறந்தரும் கரோட்டினொயிட்டுக்களை நண்டு தானே உண்டாக்க இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். பாசியில் அவை உண்டு.

ஆயினும், மீன்தூளை முற்றாக நீக்கிப் பாசியை மட்டும் ஊட்டினால் நண்டு தேறாது. பாசி துணையுணவே, முழுவுணவு அன்று.

பயிருக்கும் இதுவே நியதி

யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரையோரங்களிலும், தமிழ்நாட்டின் மண்டபம் பகுதியிலும் கப்பாபைக்கஸ் என்னும் பாசி கடலில் கயிறுகளில் கட்டி வளர்க்கப்பட்டு, ஏறக்குறைய 45 நாட்களில் அறுவடை செய்யப்படுகிறது. அதனை நசுக்கி வடித்த சாறு இலைத் தெளிப்பாகப் பயன்படும். அதில் பொட்டாசியமும், நுண்சத்துக்களும், வேர்விடுதலையும் தளிர்த்தலையும் தூண்டும் வளர்ச்சிப் பொருள்களும் உள்ளன. நைதரசனும் பொசுபரசும் மிகச் சொற்பமே. கோவா இலைவிட்டுத் தலைகட்ட வேண்டிய நைதரசனை இத்திரவம் ஈடுசெய்யாது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்தில் பயிரின் நைதரசன் தேவையை வேறு வழியால் உடனே நிரப்ப இயலாமையால் விளைச்சல் வீழ்ந்து, குடும்பங்கள் இன்னலுற்றன. அவ்வனுபவம் மறக்கத்தக்கதன்று.

செய்ய வேண்டியவை

மண்ணைப் பரிசோதித்து, மாட்டெருவையும் கூட்டெருவையும் சிபாரிசு செய்யப்பட்ட பசளையையும் முதலில் இடுக. நம் மலைநாட்டு மண் புளிப்புத்தன்மை உடையதாதலால், பரிசோதனைப்படி தேவையெனக் கண்டால் டொலமைற்றும் இடுக.

திரவத்தைப் போத்தலில் குறித்துள்ள அளவிலேயே நீரில் கலந்து, காலையிலோ மாலையிலோ இலையின் இருபுறமும் நனையத் தெளிக்குக. மழை வரும் அறிகுறி இருப்பின் தெளித்தலைத் தவிர்க்க. சாறு கழுவுண்டு போகும்.

தோட்டம் முழுவதற்கும் வாங்குமுன், சம அளவான இரண்டு பாத்திகளில் சோதித்துப் பார்க்க. ஒன்றிற்குத் திரவமும் மற்றதற்கு வெறும் நீரும் தெளிக்குக. எருவும் பசளையும் இரண்டிற்கும் சமமாக இருத்தல் வேண்டும். விளைச்சலை வெவ்வேறாக நிறுத்துக் குறித்துக்கொள்க. மிகையான விளைச்சலின் பெறுமதி திரவத்தின் விலையையும் தெளிப்புக் கூலியையும் விஞ்சினால் மட்டுமே அதனை வாங்குக. கடைக்காரர் சொல்லைவிடத் தராசின் சொல் மெய்யானது.