சிறுவர் தினத்தில் ஒரு மேசை

ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம். ஊர்வலம் போகும், பேச்சுகள் நீளும், பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். (பந்தலுக்குள் பெரும்பாலும் நாங்கள் பெரியவர்கள்தான்!) விழா வேண்டாமென்று சொல்லவில்லை. அன்று பெற்றோரும் எதையாவது கற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஐ.நா. 1989இல் நிறைவேற்றியது, இலங்கை 1991இல் ஏற்று உறுதிசெய்தது. பிறந்தவுடன் பிள்ளையைப் பதிய வேண்டுமென்கிறது அதன் 7ஆம் உறுப்புரை. இடம்பெயர்ந்தபோது விதைநெல்லைக் கட்டியெடுத்த பலர் பிறப்புச் சான்றிதழை விட்டுவந்தார்கள். பதிந்திருந்தால், பதிந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். பதியாமல் மூன்று மாதம் கடந்திருந்தால், காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைக்கும் இதே வழிதான்.

ஆகவே இம்முறை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். பதிவாளரை முன்கூட்டியே அழையுங்கள். படிவம் நிரப்ப எழுதத் தெரிந்த இளைஞர் இருவர் போதும்.