டிரெய்லருக்கு எந்த டயர்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பக்கம் அறுவடை தொடங்கிவிட்டால், சாலையில் டிராக்டர் டிரெய்லர்கள் வரிசை கட்டும். நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். கரும்பு படாளம் சர்க்கரை ஆலைக்குப் போகும். டிராக்டருக்கு டயர் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, பின்னால் வரும் பெட்டிக்கு லாரியில் கழித்த டயரே போதும் என்று நினைக்கிறார்கள். பாரம் முழுவதும் இருப்பதோ அந்தப் பெட்டியில்தான்.

டிராக்டரின் பின் டயர் மண்ணைக் கவ்வி இழுக்க வேண்டும். அதற்காகத்தான் அதில் ஆழமான கட்டைகள். டிரெய்லர் டயருக்கு இழுக்கும் வேலையே கிடையாது. சுமக்க வேண்டும், நேராக உருள வேண்டும். அதற்கு நீளவாக்கில் கோடு ஓடும், பக்கச்சுவர் விறைப்பான டயர்தான் சரி. அமெரிக்காவில் கார்கள் இழுத்துப் போகும் வீட்டு வண்டிகளுக்கும் இதே கணக்குதான். அவற்றின் டயரில் ‘எஸ்டி’ என்று தனி அடையாளமே உண்டு.

கடைக்குப் போகுமுன் எடையைக் கூட்டிப் பாருங்கள். 40 கிலோ மூட்டை 100 ஏற்றினால் 4 டன். பெட்டியின் எடை ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5.5 டன், நான்கு சக்கர டிரெய்லரில் சக்கரத்துக்கு 1,375 கிலோ. ஆனால் வண்டி வரப்போரம் சாய்ந்தால் ஒரு பக்கச் சக்கரங்களே பெரும்பாரத்தைத் தாங்கும். அதனால் கணக்கில் வருவதைவிடக் கூடுதலாகத் தாங்கும் டயரை எடுப்பதே நல்லது. தாங்கும் எடையும் அதற்குரிய காற்றழுத்தமும் டயரின் பக்கச்சுவரிலேயே இருக்கும்.

‘9.00-16’ என்றால் அகலம் 9 அங்குலம், ரிம் 16 அங்குலம். பக்கத்தில் ‘16 பிஆர்’ என்றிருந்தால் அது வலிமையின் அளவு. உள்ளே 16 அடுக்கு இருக்கிறது என்று பொருளல்ல. ஒரே அளவிலேயே பிஆர் குறைந்ததும் கூடியதும் விற்பதால், அளவை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் பெரிய டயர் ஆலைகள் இயங்குகின்றன. அதற்காகக் கடையில் இருப்பதெல்லாம் புதிது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பக்கச்சுவரில் ‘2322’ என்று நான்கு இலக்கம் இருந்தால், 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் நின்றே வெடிப்பு விழுந்த டயருக்குக் கோடு தேயாமல் இருந்தாலும் பயனில்லை.

டிராக்டரின் முன் டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங் காட்டிக்கொடுக்கும். பெட்டி டயரில் இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரியாது. டயர் மடங்கி மடங்கிச் சூடேறி, பாரத்தோடு வெடிக்கும். காலையில், டயர் சூடாகுமுன், பாரம் ஏற்றுவதற்கு முன்பே அளவுமானி வைத்துக் காற்றைப் பார்த்துவிட வேண்டும்.