கொதிநீரில் வால் முளைக்கும் வைரஸ்

கொதித்தாறிய நீரில் கிருமி இராது என்று நம் தாய்மார் சொல்வது பெரும்பாலும் சரியே. நம்மைத் தாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் மாண்டுவிடும். ஆயினும் கொதிநீரையே வீடாகக் கொண்ட நுண்ணுயிர்களும் உண்டு. அவற்றையும் வைரஸ் விட்டுவைப்பதில்லை!

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே பொத்சுவோலி என்னும் ஊரில், எரிமலைச் சூட்டினால் குமிழியிடும் ஊற்றுகள் உள்ளன. வெப்பம் 85 பாகை செல்சியசுக்கும் மேல். புளிப்போ எலுமிச்சைச் சாற்றையும் மிஞ்சும். அங்கு வாழும் அசிடியானஸ் என்ற நுண்ணுயிரைப் பற்றும் வைரஸ் ஒன்றை அறிஞர்கள் 2005ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தனர்.

உயிரணுவுக்கு வெளியே வைரஸ் தூசிக்குச் சமம், அது வளராது என்று படிக்கிறோம் அல்லவா? இதுவோ எலுமிச்சம்பழ வடிவில் வெளிவந்த பின்னரே இரு முனைகளிலும் நீண்ட வால்களை வளர்த்துக்கொள்கிறது. அதற்கு உணவு வேண்டாம், உயிரணுவின் துணையும் வேண்டாம். 75 பாகைக்கு மேற்பட்ட சூடு இருந்தால் போதும். அடுத்த உயிரணுவை எட்டிப் பிடிக்க அவ்வால்கள் உதவக்கூடும் என்பது அறிஞர் கருத்து. இதை 'உயிரற்றது' என்று ஒரே சொல்லில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. நுண்ணுயிருக்கு உகந்த 85 பாகையில் இந்த வைரஸ் அதனுள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. சூடு குறைந்து நுண்ணுயிர் வாடினால், வீடு இடியப்போவதை அறிந்த குடித்தனக்காரரைப் போல, பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது.