இரு படைக்கு நடுவே சிக்கிய ரஞ்சன்குடி கோட்டை வீடு! சுவரில் கிறுக்கினால் 2 ஆண்டு ஜெயில்!!

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பெரம்பலூரைத் தாண்டி சுமார் 17 கிலோ மீட்டரில் அந்தக் கற்கோட்டையைப் பார்த்திருப்பார்கள். "ஏதோ பழைய கோட்டைப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப் போவார்கள். அதுதான் ரஞ்சன்குடி கோட்டை. ஒரு ஜாகீர்தார் குடும்பம் வாழ்ந்த வீடு!

3 சுற்று மதில்

கர்நாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17-ம் நூற்றாண்டில் இதைக் கட்டியதாகக் கூறப்படுகிறது. கல்லை வெட்டி அடுக்கி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக 3 சுற்று மதில். அரை வட்டக் கொத்தளங்கள். வெளியே அகழி. உள்ளே அரண்மனை, குடியிருப்புகள், சுரங்க அறை, தொழுகைக்கு மசூதி. கீழே இருப்பது பேட்டை. உச்சியில் கோட்டைமேடு.

யார் பக்கம் சாய்வது?

வீட்டுக்கு வினை வந்தது 1751-ம் ஆண்டில். நவாப் பதவிக்கு 2 பேர் மோதினார்கள். முகமது அலிக்கு இங்கிலீஷ்காரர் துணை. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. திருச்சியைப் பிடிக்கக் கிளம்பிய சந்தா சாகிபின் படைக்கு வழியில் நின்றது இந்தக் கோட்டை.

இரண்டு தரப்பும் கோட்டைத் தலைவரிடம் பேரம் பேசின. அவரோ பிடி கொடுக்கவில்லை. ஜெயிக்கிற கட்சி எது என்று தெரியாமல் கதவைத் திறந்தால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடுமே!

நாள் போகப் போக இங்கிலீஷ் படை பொறுமை இழந்தது. பேட்டைக்குள் புகுந்து தீ வைத்தது. ஆனால் கற்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கோட்டைத் தலைவர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டார். இங்கிலீஷ் சிப்பாய்கள் மிரண்டு திருச்சிப் பக்கம் ஓட்டம் பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் 25 வயது ராபர்ட் கிளைவும் இருந்தார்!

மறு வருடமே நிலைமை தலைகீழ். 1752-ல் கிளைவ் திரும்பி வந்தார். பிரெஞ்சுத் தளபதி தோத்தே இங்கே அவரிடம் சரண் அடைந்தார். 1801-ல் கர்நாடக ராஜ்யமே கம்பெனி கைக்குப் போய்விட்டது.

சிமெண்டு கூடாது!

கோட்டை இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழைய கட்டடத்தைச் சீர் செய்வது நம் வீட்டு ரிப்பேர் மாதிரி அல்ல. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு சுண்ணாம்புதான் சேரும். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே தங்கி, பக்கத்துக் காரை பொரிந்து கொட்டும். இடுக்கில் முளைத்த ஆலஞ்செடியை அவசரப்பட்டுப் பிடுங்கினால் கல்லும் கூடவே வந்துவிடும்.

சட்டமும் கடுமையானது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் முன்பு 3 மாத ஜெயில்தான். 2010-ல் திருத்தம் வந்த பிறகு 2 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்ட அனுமதி வாங்க வேண்டும். ஒட்டி மனை வைத்திருப்பவர்களுக்கு இது தலைவலிதான். பழைய வீட்டை ரிப்பேர் செய்யக்கூட மனு போட வேண்டும்.

தமிழ்த் தாத்தா வீடு

இந்தத் தலைவலி இல்லாத வீட்டுக்கு என்ன கதி? அதற்கும் உதாரணம் உண்டு. சிறு வயதில் அரியலூர், குன்னம் என்று இதே சீமையில் வளர்ந்து, செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் பாடம் கேட்டவர் உ.வே.சாமிநாதையர். சென்னை திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு, தனக்குக் கும்பகோணம் காலேஜ் வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியார் நினைவாக "தியாகராச விலாசம்" என்று பெயர் வைத்திருந்தார். ஏடு ஏடாகத் தேடிப் பதிப்பித்தவரின் அந்த வீடு 2012-ல் இடிக்கப்பட்டது. தனியார் சொத்து, தடுக்கச் சட்டம் இல்லை. உத்தமதானபுரத்தில் அவரது இல்லம் அரசு நினைவு இல்லமாக இருப்பது மட்டுமே ஆறுதல்.

பீரங்கிக்கும் தீக்கும் தப்பிய ரஞ்சன்குடி, இன்று ஆணியால் காதலி பேரைச் செதுக்குகிறவர்களிடம் தோற்கக் கூடாது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். ஆணியைக் கொண்டு போகாதீர்கள்!