நினைவகத்தில் எல்லைக்கல்

கணிப்பொறியில் எல்லா வேலையையும் செயலியே செய்கிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அஃது உண்மையன்று. வட்டிலிருந்து ஒரு கோப்பைப் படிக்கும்போது ஒவ்வொரு பைட்டையும் செயலி தன் கையால் அள்ளி வைப்பதில்லை. "இந்த முகவரியில் இறக்கு" என்று சாதனத்திற்கு ஆணையிட்டுவிட்டு அது வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறது. சாதனமே நினைவகத்தில் நேராக எழுதும் இம்முறைக்கு டி.எம்.ஏ. என்று பெயர். எந்த இடத்தில் இறக்குவது என்று முடிவு செய்வது இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னலின் பொறுப்பு. இடம் காலியாக இருந்தால் மட்டும் போதாது. அது சரியான எல்லையில் தொடங்கவும் வேண்டும். ஏன் என்பதையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யை எடுத்துக்கொள்வோம். அதில் இவ்வேலையைச் செய்தது இன்டெல் 8237 என்னும் சில்லு. அதன் முகவரி எண்ணி 16 பிட் கொண்டது. 65,536 பைட்டுக்கு மேல் அதனால் எண்ண இயலாது. முகவரியின் மேற்பகுதியைத் தனியே ஒரு பதிவகம் தாங்கி நின்றது. பழைய வண்டிகளில் தூரம் காட்டும் கருவி 99,999-ஐத் தாண்டியதும் மீண்டும் 00,000 ஆகிவிடும் அல்லவா? 8237-உம் அப்படியே. 64 கிலோபைட் எல்லைக்குக் குறுக்கே கிடக்கும் இடத்தைக் கொடுத்தால், தரவில் ஒரு பகுதியை உரிய இடத்திலும், மீதியை அதே 64 கிலோபைட் பரப்பின் தொடக்கத்திலும் எழுதிவிடும். அங்கே எது இருந்ததோ அது போயிற்று! நெகிழ்வட்டைப் படிக்கையில் இது நேராமல் தடுக்க, பயாஸில் 9 என்று தனிப் பிழையெண்ணே வைத்திருந்தார்கள்.

லினக்ஸ் கெர்னல் நினைவகத்தைப் பங்கிடும் முறையிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. பக்கங்களை அது இரண்டின் அடுக்குகளாகத் துண்டு போடுகிறது. ஒவ்வொரு துண்டும் தன் அளவின் மடங்கான முகவரியிலேயே தொடங்கும். ஆகவே 64 கிலோபைட்டுக்கு உட்பட்ட எந்தத் துண்டும் அந்த எல்லையைக் கடக்கவே முடியாது. காவலாள் வேண்டாத வேலி என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இன்றைய சிக்கல் வேறு. செயலி, நினைவகத்தின் படியைக் கேஷ் என்னும் தன் சிறு கிடங்கில் வைத்துக்கொள்கிறது. அதையும் பைட் பைட்டாக அன்றி, பெரும்பாலும் 64 பைட் கொண்ட வரி வரியாக எடுக்கிறது. ஒரு பேரேட்டுப் பக்கத்தில் மேற்பாதி உங்கள் கணக்கு, கீழ்ப்பாதி என் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பக்கம் முழுவதையும் படியெடுத்துச் சென்று, உங்கள் பாதியைத் திருத்தி, திரும்பி வந்து முழுப் பக்கத்தையும் ஒட்டிவிட்டால், இடையில் நான் எழுதியது என்னாவது? சாதனம் எழுதிய தரவு இவ்வாறுதான் அழிகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. அடுத்த முறை ஓட்டினால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதுதான் கொடுமை.

இன்டெல் வகைப் பி.சி.களில் வன்பொருளே கேஷையும் நினைவகத்தையும் ஒத்துப்போகச் செய்துவிடுகிறது. ஆர்ம் செயலி கொண்ட பல சிறு பலகைகளில் அவ்வசதி எல்லாச் சாதனத்திற்கும் இல்லை. சில செயலிகளின் கேஷ் வரி 128 பைட் என்பதால், 64 பிட் ஆர்ம் கெர்னலில் மிகச் சிறிய துண்டே 128 பைட் என்று நெடுநாள் வைத்திருந்தார்கள். 8 பைட் கேட்டாலும் 128; மீதி 120 வீண்! 2023-இல் வந்த 6.5-ஆம் பதிப்பில் இது 8 பைட் வரை இறங்கியது. ஒத்துப்போகாத சாதனத்திற்கு அத்தகைய சிறு துண்டு போனால், கெர்னல் எல்லை சரியான வேறோர் இடத்தின் வழியாகத் தரவை மாற்றி நகலெடுத்துத் தருகிறது. நகலெடுப்பது வீண் வேலை என்பார் உண்டு. சிறு துண்டுகளுக்கு மட்டுமே அது நேர்வதால் எனக்கு இந்தப் பேரம் நியாயமாகவே படுகிறது.

ஆனால் கெர்னல் பார்ப்பது துண்டின் அளவை மட்டுமே. சாதன நிரல் எழுதுபவர் ஒரு பெரிய கட்டமைப்பின் நடுவே டி.எம்.ஏ. இடத்தை வைத்து, அதன் அருகிலேயே ஓர் எண்ணியையும் வைத்துவிட்டால், இரண்டும் ஒரே கேஷ் வரியில் குடியிருக்கும். கெர்னலுக்கு அது தெரியவே தெரியாது. அந்த இடத்தை அவர்தான் தனித் துண்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.