பேங்காக் நகரில் ஓர் ஆய்வுப் பயணம்

வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குச் செல்லும் மாணவர், ஆராய்ச்சி வேறு, ஊர் சுற்றிப் பார்த்தல் வேறு என்று பிரித்து வைப்பதுண்டு. நல்ல ஆய்வுப் பயணத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று திருத்தும். தாய்லாந்தின் தலைநகரான பேங்காக்கை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாம் இராமர் எனப்படும் மன்னர் 1782ஆம் ஆண்டில் பேங்காக்கைத் தலைநகராக்கினார். அவர் காலத்தில், 1784இல், பிராமணர் கோயிலும் அதனருகே மாபெரும் ஊஞ்சலும் எழுந்தன. சிவப்பு வண்ணம் பூசிய உயர்ந்த தேக்குமரத் தூண்களே இன்று நம் கண்ணுக்குத் தெரியும்; ஆடும் பலகை இல்லை. 2007இல் புதுப்பிக்கப்பட்ட இதன் உயரம் ஏறத்தாழ 21 மீட்டர். முன்னாளில் இளைஞர்கள் இதில் வானளாவ ஆடி, மூங்கிற் கழியில் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வி எடுத்தனர். 1935ஆம் ஆண்டுக்குப்பின் ஊஞ்சலாட்டம் நின்றுவிட்டது. ஆனால், அந்த விழாவின் வழிபாடு பிராமணர் கோயிலுக்குள் தொடர்கிறது.

அந்த விழாவின் பெயர் என்ன? திரியம்பவாய், திரிபவாய்! கேட்டவுடனே திருவெம்பாவையும் திருப்பாவையும் நம் நினைவுக்கு வருகின்றன. முன்னது சிவனுக்கும் பின்னது திருமாலுக்கும் உரியதாக இருப்பது இவ்வெண்ணத்தை வலுப்படுத்துகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் இத்தொடர்பை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர்.

இங்கேதான் மாணவர் நிதானிக்க வேண்டும். பெருமை வேறு, சான்று வேறு. திருவாசகத்தில் திருப்பொன்னூசல் இருக்கிறது. ஆகவே ஊஞ்சல் விழாவும் தமிழகத்திலிருந்தே வந்தது என்று முடிச்சுப் போடத் தோன்றும். பெயரின் ஒற்றுமை ஒரு சடங்கு முழுவதற்கும் சான்றாகாது. அங்கு ஓதப்படும் ஒலிகளைச் செவிகொடுத்துக் கேட்டு, தமிழ்ப் பாட்டுடன் வரிவரியாக ஒப்பிடல் வேண்டும். ஓதுவோருக்குத் தமிழ் தெரியாது. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த ஒலிகள் உருமாறியிருக்கும். அதனால் ஒப்பீடு எளிதன்று. ஊஞ்சலாட்டம் நிற்பதற்குமுன், 1931இல் குவாரிட்ச் வேல்ஸ் வெளியிட்ட சயாமிய அரச விழாக்கள் பற்றிய நூல் இங்குப் பெரிதும் உதவும்.

மற்றொரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர் எழுப்பியது. அரண்மனைப் பிராமணர் மரபோ அதனினும் பழையது. 2019இல் நடந்த முடிசூட்டு விழாவிலும் அவர்கள் பங்குகொண்டனர். இரண்டும் ஒரே நகரில் இருப்பினும், வந்த வழியும் காலமும் வேறு. இரண்டு இடங்களுக்கும் நேரில் சென்று பார்த்தவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இன்னும் மரகதப் புத்தர் ஆலயச் சுற்றுச்சுவரில் 178 பகுதிகளாக இராமகியன் ஓவியங்கள் உள்ளன. அது நம் இராமகதைதான். ஆயினும் உடை, மாளிகை, படை யாவும் தாய்லாந்துக்கு உரியவை. வந்த பொருளை ஒரு நாடு எவ்வாறு தனதாக்கிக் கொள்கிறது என்பதை அச்சுவரே கற்பிக்கிறது.

பயணம் புறப்படும் மாணவர்களே! வழிபாட்டிடங்களில் அனுமதி பெற்றபின்பே ஒலிப்பதிவு செய்யுங்கள். கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே நாள், இடத்துடன் குறித்து வையுங்கள். கண்டது இது, நாம் கருதுவது இது என்று தனித்தனியே எழுதுங்கள். தமிழின் பெருமைக்கு அதுவே உறுதியான அடித்தளம்.