பழைய காரின் துரு: அகற்றும் முறையும் காக்கும் முறையும்

பழைய காரைப் புதுப்பிக்கும்போது என்ஜினைவிட அதிக வேலை வாங்குவது பாடிதான். என்ஜின் பாகம் தேய்ந்தால் வேறொன்றைத் தேடிப் பிடித்து மாட்டலாம். துரு தின்ற தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கித்தான் பற்றவைக்க வேண்டும். 1957-இல் சந்தைக்கு வந்த அம்பாசிடர், அதன் காலத்து ஃபியட் 1100, பின்னாளைய பிரீமியர் பத்மினி ஆகியவற்றுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டாலான கூடே வண்டியின் எடையைத் தாங்குகிறது. அந்தக் கூடு துருப்பிடித்தால் வண்டியின் பலமே போய்விடும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ தனிச் சேஸிஸ் உண்டு. அதன் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் கழற்றி எடுக்கலாம்.

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் அதன் வேகம் கூடும். உப்பு சேர்ந்தால் இன்னும் விரைவாகும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலிருக்கும் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது. அது செதில் செதிலாக உதிர்வதால் அடியிலுள்ள நல்ல இரும்புக்கும் காப்பு இல்லாமல் போகிறது.

துருப்பிடிக்கும் வேகம் ஒரே மாவட்டத்துக்குள்ளேயே, எடுத்துக்காட்டாகப் புதுக்கோட்டையில், இடத்துக்கு இடம் மாறும். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரை வரிசையில் உப்புக்காற்றில் நிற்கும் காரும், திருமயம் பக்கம் வறண்ட காற்றில் கொட்டகைக்குள் நிற்கும் காரும் ஒரே அளவில் துருப்பிடிப்பதில்லை. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்பதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துக் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதன் மண்டபம் கிளை, உலோகங்களையும் பூச்சுகளையும் கடலோரக் காற்றில் வைத்துச் சோதிக்கும் இடம்.

துரு எங்கே இருக்கிறது?

தண்ணீரும் மண்ணும் தங்கும் இடத்தில்தான் துரு தொடங்கும். கதவின் அடி விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற தகடு, மிதியடிக்கு அடியிலுள்ள தரை, மட்கார்டின் உள்வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, பேட்டரித் தட்டு, கண்ணாடி ரப்பரைச் சுற்றிய ஓரம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கதவை எடுத்துக்கொண்டால், கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற அடியில் சிறு துளைகள் இருக்கும். புழுதியும் பழைய பெயிண்டும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உட்பக்கம் பெரும்பாலும் அரித்து முடிந்திருக்கும்.

பட்டி பூசி மறைத்த இடத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பாடியின் மேல் நகர்த்தினால், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. சந்தேகமான இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உளுத்த தகடு உள்வாங்கும்.

அகற்றும் முறைகள்

மேலோட்டமான துருவுக்கு ஒயர் பிரஷும் உப்புத்தாளும் போதும். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்தினால் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகடு சூடேறி நெளிந்துவிடும். மணல் பீய்ச்சும் முறை குழிகளுக்குள் உள்ள துருவையும் எடுத்துவிடும். ஆனால் பானெட், கதவு போன்ற அகன்ற தகடுகளில் அழுத்தம் கூடினால் அவையும் நெளியும். ஆற்றுமணலின் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுப்பதால் கார்னெட் போன்ற பொடிகளே ஏற்றவை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

சிறு பாகங்களுக்கு மின்முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி வீதம் சலவை சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துருப்பிடித்த பாகத்திலும், பாசிட்டிவ் முனையை வேண்டாத இரும்புத் துண்டிலும் இணைக்க வேண்டும். கரைசலில் மூழ்கியிருக்கும் இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. துரு இளகிக் கழன்றுவிடும். நல்ல இரும்பு தேயாது. எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்தவெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். எவர்சில்வர் துண்டை மாட்டினால் நச்சான குரோமியம் கரையும். அதைத் தவிர்க்க வேண்டும்.

பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கரைத்து, இரும்பின் மேல் பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்கிறது. டானின் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் மிச்சத் துருவைக் கறுத்த படலமாக மாற்றுகிறது. கடுக்காய் நீரில் இரும்பு கறுப்பதும் இதே வினைதான். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் பயன்படுத்தக்கூடாது. அதன் குளோரைடு இடுக்குகளில் தங்கி, பெயிண்டுக்கு அடியில் மறுபடி துருவைக் கிளப்பும்.

காக்கும் வரிசை

வெறும் இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்மை பூக்கும். ஆகவே சுத்தம் செய்த அன்றே எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, இரு கலவை எபாக்ஸி பிரைமரை அடிக்க வேண்டும். சாதாரண சர்ஃபேஸரும் பட்டியும் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. அவற்றை மட்டும் பூசிவிட்டு வண்டியை மழையில் நிறுத்தினால் செய்த வேலை வீண். எபாக்ஸியின் மேல் மெல்லிய பட்டி, பிறகு சர்ஃபேஸர், கடைசியில் வண்ணம் என்பதே சரியான வரிசை. தகடுகள் சேரும் இணைப்புகளைச் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்ட் வேலையைத் தள்ளிவைப்பது நல்லது; ஈரக்காற்றில் சிலவகைப் பெயிண்டுகள் வெளுத்துப்போகும்.

பலரும் விட்டுவிடுவது உட்புறத்தை. கதவின் உட்பக்கத்திலும், மூடிய பெட்டித் தகடுகளுக்குள்ளும் நீண்ட குழாய்முனையால் மெழுகுக் காப்பைப் பீய்ச்ச வேண்டும். அதன்பின் வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துருவை எடுக்காமல் அடித்தளத்தில் தார்ப்பூச்சு பூசினால், அது விரிசல் விட்ட இடத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்து அரிப்பை மறைத்துவிடும்.

பழைய தகட்டை முடிந்தவரை காப்பாற்றுவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவுக்குப்பின் 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடிக் கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கக்கூடாது.

வாங்குபவர் பளபளப்பைப் பார்த்து விலை பேசக்கூடாது. கதவின் அடி விளிம்பையும் டிக்கிக் குழியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டே பேச வேண்டும். பட்டறையில் வேலை கொடுப்பவர், பிரைமர் அடிக்கும் முன்பு ஒருமுறை நேரில் போய் வெறும் தகட்டைப் பார்த்துவிட வேண்டும். வண்ணம் ஏறியபின் அந்த வாய்ப்பு கிடைக்காது.